பாதி சீசன்ல நாங்க எங்க நின்னோம்

ரேஸ் டீம் மெக்கானிக்குக் காரைக் கழட்டிப் பூட்டுறது லேசு, "நம்ம கார் தேறுமா?"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் பெரும்பாடு. கிரிக்கெட்டோ எலெக்ஷனோ, நம்ம ஆளுங்க கரையேறுவாங்களான்னு பாதியிலயே கணக்குப் போட்டுச் சோறு தண்ணி மறந்தவங்களுக்கு என் நெலம புரியும்.

நுவரெலியாவுல ஒரு சின்ன கராஜ்தான் எங்க டீம். காருக்குச் சொந்தக்காரர் ஹார்ட்வெயார் கடை நிஸார் மொதலாளி. ஓட்டுறவன் ரவி, மத்த நாள்ல ராகலையில இருந்து மரக்கறி லாரி ஓட்டுவான். நான் மெக்கானிக். அந்த வருஷம் ஆரம்பத்துலயே மொதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டாரு: பாதி சீசன் முடிஞ்சதும் செல்வம் சொல்லணும், ஜெயிக்க வழி இருந்தா ஓடுவோம், இல்லாட்டி காரை வித்துட்டுக் கடையைப் பாப்போம். அந்தச் செல்வம் நான்தான்.

லீக்ஸ் லாரிக்காரர்

ரேஸ் வாரத்துல கராஜுக்கு வர்ற லாரியெல்லாம் வரிசையில காத்துக்கிடக்கும். கந்தப்பளைக்காரர் ஒருத்தர், லீக்ஸ், அதான் வெங்காயத்தாள் மாதிரி ஒரு மரக்கறி, ஏத்துற லாரிக்குப் பிரேக் போட வந்தவரு, பழைய டயர் மேல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. நான் ரேஸ் கார் அடியில படுத்துக்கிட்டே கொழும்பு டீம் எப்படி, கண்டி டீம் எப்படி, நாங்க எப்படின்னு அளந்துவிட்டேன். மனுஷன் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. டீ முடிஞ்சதும் கிளாஸைக் கீழ வச்சிட்டுச் சொன்னாரு:

"தம்பி, நீங்க மொதல்ல வந்தாலும் சரி, கடைசில வந்தாலும் சரி, என் லீக்ஸ் வாடிருச்சு."

எங்க மலை

சீசன்ல மலையேத்த ரேஸ் எங்க ஊர்லதான். பனி, குளிர், கொண்டை ஊசி வளைவு. தேயிலை மலை மேட்டுல சனம் கொடையைப் புடிச்சிக்கிட்டு நிக்கும். இந்த ஒசரத்துல காத்து லேசு, கீழ இருந்து வர்ற இஞ்சின் மூச்சுத் திணறும். எங்க காரோ இங்கேயே வளந்தது, இந்தக் காத்துக்கே நான் கார்பரேட்டரைப் பழக்கி வச்சிருந்தேன். ரவி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான்.

அன்னைக்கு நாங்க போட்ட ஆட்டத்தை நெனச்சா இப்பவும் ஒடம்பு புல்லரிக்குது. மொதலாளி ஊருக்கே ஜிலேபி குடுத்தாரு. இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டோம். சொந்த மலையில ஓடிப் பாத்துட்டு நாடு முழுக்க நாமதான்னு நெனைக்கிறது எங்க மலைக்காரங்களுக்கே உள்ள வியாதி. கொழும்பு டீம் மெக்கானிக், சிங்கள ஆளு, நல்ல மனுஷன், எங்க பொனட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, தம்பிங்கிறதுக்குச் சிங்களத்துல மல்லின்னு கூப்புட்டு, அரைத் தமிழ்ல சொன்னாரு:

"நல்லா ஓடுது மல்லி. கீழ வாங்க, பாப்போம்."

கீழ

அடுத்த ரேஸுக்கு மலையிறங்கிப் போனோம். வெயில்னா வெயில், தார் ரோடே கொதிக்குது. கீழக் காத்துக்குத் தகுந்த மாதிரி கார்பரேட்டரை மாத்தித்தான் வச்சேன், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா கீழ எல்லார் இஞ்சினுக்கும் மூச்சு வந்துருச்சே! நேர் ரோட்டுல அவனுங்க எங்களைச் சர்ருன்னு தாண்டிப் போனானுங்க.

ஒரு வளைவுகிட்டப் போய் நின்னேன். அங்கதான் எனக்கு வெளங்குச்சு. நேர் ரோட்டுல விட்டதையெல்லாம் ரவி வளைவுல புடிக்கிறான். மத்தவன் பிரேக்கை மிதிச்ச எடத்துக்கு அப்பறமும் இவன் மிதிக்கல. ராகலை ரோட்டுல நெறை லாரிய எறக்குறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? நாலாவதா வந்தோம். அந்தக் காருக்கு நாலாவது எடமே ஜாஸ்தி, அது ரவி கை.

ரேஸ் முடிஞ்சதும் கொழும்பு டீம் சொந்தக்காரர் எங்க கூடாரத்துக்கு வந்தாரு. இந்தத் தடவை யாரும் பொனட்டுக்குள்ள எட்டிப் பாக்கல. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்:

"இந்த டிரைவர எங்க புடிச்சீங்க?"

மொதலாளி கேட்டது

அதோட பாதி சீசன் முடிஞ்சுது. மறுநாள் கடையில ஆணி, பெயிண்ட் வாளிக்கு நடுவுல உக்காந்து மொதலாளி கேட்டாரு, தேறுமான்னு. ரவியும் பக்கத்துல நின்னான். இன்னும் கொஞ்சம் வேலை செஞ்சா எட்டிப் புடிச்சிரலாம்னு ஒரு பொய் சொன்னாப் போதும், டீம் பொழைக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ரவி மொகத்தப் பாத்தேன், சொல்ல முடியல.

மிச்ச ரேஸெல்லாம் கீழதான், நம்ம கார் தேறாது, ரவி எந்தக் காருலயும் தேறுவான், அந்தக் கொழும்புக்காரர் சும்மா கேக்கலன்னு சொல்லி முடிச்சேன். ரவி தலைய ஆட்டி, இந்தக் கார விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்னான். மொதலாளி போனை எடுத்து, அந்தக் கொழும்புக்காரர் நம்பரைத் தேடிக்கிட்டே சொன்னாரு:

"காரை விக்கலாம் ரவி, ஒன்னைக் கடையில வச்சுப் பூட்ட ஏலாது."

ரவி கொழும்பு டீமுக்குப் போயிட்டான், காரும் போயிருச்சு. பனிக் காலையில மேட்டுல எவனாவது கியர் மாத்துனா இப்பவும் என் கையில ஸ்பேனர் நின்னுரும். எங்களைத் தோக்கடிச்ச டீமே ஜெயிக்கணும்னு ரேஸுக்கு ரேஸ் தேங்கா ஒடைக்கிற மெக்கானிக் இந்த நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.