மடம் கைமாறிய வருசம்

கோகிலா ஊட்டினால்தான் மருதாயிக் கிழவி சாப்பிடுவாள் என்பது அந்த இல்லத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். வேறு யாராவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கோகிலா போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "ஆத்தா, நான் இன்னும் ஒரு வாய் தின்னல. நீ முடிச்சாத்தான் எனக்குச் சோறு" என்று சத்தம் போட வேண்டும். அப்புறம்தான் கிழவி மெல்லத் திரும்புவாள். கோகிலாவுக்கு அதில் சலிப்பே கிடையாது. வெளியில் அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது ஒரு பெருமை.

மாவனல்லைக்கு மேலே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் சின்னதுரை, அதாவது உதவி மேலாளர், இருந்த பங்களாதான் முதியோர் இல்லமாகியிருந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, நாதியற்றுப் போன வயசாளிகளுக்காக அரசாங்கக் கூட்டுத்தாபனம் அதைத் திறந்தது. சுற்றியிருந்த சிங்கள ஊர்க்காரர்கள் 'மகலு மடம', அதாவது முதியோர் மடம், என்பார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அது வெறும் மடம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள். மருதாயியின் இரண்டு மகன்களும் அப்படித்தான் போனார்கள். குடியுரிமைக் கடதாசியில் அவர்களுக்கு இந்தியா என்று வந்தது, அவளுக்கு இலங்கை என்று வந்தது. போனவர்கள் கொஞ்ச காலம் செய்தி அனுப்பினார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது.

கோகிலா அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவரின் மகள். கல்யாணம் முடித்த மறு வருசமே புருசன் கொழும்புக்கு வேலைக்குப் போனான். அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தகவல் வந்ததும் அவள் அழுதாள். பிறகு மடத்துக்கு ஆயா வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, துவைப்பது, ஊட்டுவது, செத்தால் கண்ணை மூடிவிடுவது என்று எல்லாமே அவள் கையால் நடந்தது. நாளடைவில் அந்த வேலை நிரந்தரமானது. அரசாங்க உத்தியோகம் என்று அவளுடைய அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. கம்பெனி மரத்தை எடுத்தது, ஃபெக்டரியை எடுத்தது, பங்களாக்களையும் எடுத்தது. மடத்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அழகமுத்துக் கிழவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மரத்துக்கெல்லாம் சொந்தக்காரன் வந்துட்டான் புள்ள. நமக்குத்தான் இன்னும் ஆளு வரல."

அதற்குப் பிறகு மடம் இழுபறியில் ஓடியது. பொறுப்பாக இருந்த ஐயா ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. டாக்டர் வருவது நின்றது. மழை பெய்தால் முன்னறையைத் தவிர எல்லா அறையிலும் ஒழுகியது. வாளிகளை வைத்துவிட்டுக் கட்டில்களை இழுத்து இழுத்துப் போடுவார்கள். அரிசி வராத வாரங்களில் கோகிலா தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய்ப் பலாக்காயும் ஈரப்பலாக்காயும் கேட்டு வாங்கி வந்து அவித்தாள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்கு வலித்தது.

இரண்டு வருசம் கழித்துக் கேகாலையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். எல்லோரையும் வராந்தாவில் கூட்டி வைத்துச் சிங்களத்தில் பேசினார். மடம் நீண்ட குத்தகைக்குத் தனியாருக்குப் போகிறது. இப்போது இருப்பவர்கள் சாகும்வரை காசு கட்டாமல் இருக்கலாம், யாரும் வெளியே அனுப்ப முடியாது. நிரந்தர ஊழியர்களை இரத்தினபுரியில் உள்ள அரசாங்க இல்லத்துக்கு மாற்றுவார்கள். இங்கேயே இருக்க விரும்பினால் அரசாங்க வேலையை விட வேண்டும். கோகிலா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, கிழடுகள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் போனதும், எடுக்கிறவர் மாவனல்லை முஸ்லிம் ஆள், இனி சமையலறையில் மாட்டுக்கறிதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு பேர் சாப்பிடவில்லை.

எடுத்தவள் ஒரு பெண். ஸாஹிரா என்று பெயர். சவூதி ஆஸ்பத்திரியில் பல வருசம் தாதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அவள் வேனில் வந்து இறங்கியபோது கூடவே ஒரு வயதான அம்மாவும் கையைப் பிடித்து இறங்கினாள். அது அவளுடைய உம்மா ஸைனம்பு. ஸாஹிரா செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கட்டிலாக நின்று பேசிக்கொண்டு வந்தாள். அழகமுத்து சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"அம்மா, இனிமே இங்க மாட்டுக்கறி போடுவீங்களா?"

"ஒங்களுக்குப் புடிக்காத ஒண்டும் இந்த அடுப்புல ஏறாது. பன்றியும் ஏறாது. சரிதானே?"

"அப்ப கருவாடு?"

"கருவாடு இல்லாம நானே திங்க மாட்டேன்" என்றாள் ஸாஹிரா. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது.

கோகிலா அவளை 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி வாணாம். எனக்கு ஒங்கள விட வயசு கூடத்தானே, தாத்தாண்டு கூப்பிடுங்க."

கோகிலா அழகமுத்துவையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தாத்தா என்றால் அவர்தான். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. முன்பக்கத்து அறைகள் காசு கட்டி வருகிறவர்களுக்கு என்று ஸாஹிரா அடுத்த பேச்சில் சொல்லிவிட்டாள்.

"அப்ப இவங்க?"

"பின்பக்கம். கூரையப் புதுசாப் போட்டுத் தாரேன்."

"மருதாயி ஆத்தா அந்த முன் ஜன்னல்லதான் ரோட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கும். மகன்மாரு வருவாங்கன்னு பாக்குது."

"எனக்குத் தெரியும், கோகிலா. ஒங்களுக்குப் பொய் செல்ல ஏலாது. முன்னறையில காசு வராட்டி ரெண்டு வருசத்துல நானும் மூடிட்டுப் போவன். பொறகு இவங்க எங்க போற?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் கோகிலாவுக்குக் கோபத்தைக் கூட்டியது. அண்ணன் வேறு, "கெடைச்ச கவர்மெண்டு வேலைய விட்டா, கடைசி காலத்துல நீயும் அந்தக் கட்டில்லதான் கெடக்கணும்" என்று தினமும் ஓதினார். கோகிலா இரத்தினபுரிக்குப் போவதென்று முடிவெடுத்தாள். கிளம்புகிற அன்று மருதாயிக்கு ஊட்டிவிட்டு, "அந்திக்கு வாறேன் ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் கேகாலையைத் தாண்டும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.

இரத்தினபுரி இல்லம் பெரியது. இருந்தவர்கள் எல்லோரும் சிங்களவர்கள். கோகிலாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வாரத்திலேயே அவளை எல்லோரும் 'துவே', மகளே, என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வேலையிலும் குறையில்லை, மனிதர்களிலும் குறையில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் அவளுக்கு மருதாயி ஞாபகம் வந்துவிடும். இந்நேரம் கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். எத்தனை நாள் தாங்கும் அந்த உடம்பு? செத்துப்போனால் எனக்குச் சொல்வார்களா? குற்றம் செய்தவள்போல அவள் தன் தட்டிலும் பாதியை விட்டுவிட்டு எழுவாள்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு மனசு கேட்காமல் பஸ் ஏறினாள். அவிசாவளையில் மாறி, கேகாலையில் மாறி, மாவனல்லையில் இறங்கி, தோட்டத்து ரோட்டில் நடந்தாள். ஏற்றத்தில் நடக்க நடக்க, கெட்ட செய்தியைக் கேட்கத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டாள்.

மடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அழகமுத்து புதுச் சாரம் கட்டிக்கொண்டு கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வா புள்ள! சாப்புட்டியா? மொதல்ல உள்ள போயி சாப்புடு" என்றார். அவள் கேட்க வந்ததை அவரிடம் கேட்காமலே பின்பக்கம் ஓடினாள்.

பின்னறைக் கட்டிலில் மருதாயி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸைனம்பு முக்காட்டைச் சரிசெய்தபடி ஏதோ கதை சொல்லிக்கொண்டே கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மாவனல்லைச் சந்தையில் தன்னுடைய ஆடு தொலைந்த கதை அது. நடுவில் கதை நின்றால் மருதாயி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். கஞ்சிக்கா கதைக்கா என்று தெரியவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"ஆத்தா" என்றாள் கோகிலா.

மருதாயி திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியா? அப்படி உக்காரு. இந்தம்மா அந்த ஆட்டக் கண்டுபுடிக்கட்டும்."

கோகிலா உட்கார்ந்தாள். ஆடு கிடைத்தது. கஞ்சியும் முடிந்தது. "வா மகள், நீயும் கொஞ்சம் குடி" என்று ஸைனம்பு கிண்ணத்தை நீட்டினாள். பிறகு குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு கோகிலா துவைக்கிற தொட்டிக்குப் பின்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கிழவி உயிரோடு இருக்கிற சந்தோசம்தான். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. தான் இல்லாமலும் அந்த வாய் திறந்துவிட்டது என்கிற வலி. அதை வெளியில் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஸாஹிரா வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

"உம்மாவ மடத்துல கொண்டு போட்டுட்டாண்டு ஏன்ட சொந்தக்காரங்க யாரும் இப்ப வீட்டுக்கு வாறல்ல" என்றாள். "வீட்டுல தனியா வெச்சா உம்மா சொவரோட பேசிட்டு ஈப்பாங்க. இங்க பாருங்க, வாய் ஓயுதில்ல."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்பி வாங்க, கோகிலா. நீங்க இல்லாம இவங்க சாப்பிட மாட்டாங்கண்டு செல்ல மாட்டேன். பாத்தீங்கதானே. எனக்குத்தான் ஏலாம ஈக்கி. ஒருத்தர் கோவிச்சிக்கிட்டா எதுக்குக் கோவிக்கிறாருண்டு எனக்கு வெளங்குதில்ல. செத்துப் போனா என்ன செய்யோணும், யாருக்குச் செல்லோணும், ஒண்டும் தெரியா."

"முன் வராந்தா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும் தாத்தா" என்றாள் கோகிலா. "அறை ஒங்க இஷ்டம். ஆனா காலையில எங்க ஆளுங்களும் அங்க ஒக்காந்து ரோட்டப் பாக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா வாறேன்."

"காசு கட்டுறவங்க ஏசுவாங்களே."

"ஏசட்டும்."

ஸாஹிரா ஒத்துக்கொண்டாள். சொன்னபடியே ஏசவும் செய்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு பெரிய உத்தியோகத்தர் வீட்டு நோனா, தோட்டத்துக் கூலிகளோடு உட்கார முடியாது என்று மகனை வரவழைத்துப் போயே போய்விட்டாள். அந்தக் காசு வராததால் பின்பக்கக் கூரை இன்னொரு மழைக்காலம் ஒழுகியது. கோகிலா மறுபடியும் வாளிகளை எடுத்து வைத்தாள். ஸாஹிரா அவளைப் பார்த்து, "பாத்தீங்களா, நம்மட வராந்தா செஞ்ச வேலைய" என்று சிரித்தாளே தவிர, சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. அண்ணன் மட்டும் வேலையை விட்டதற்காக அவளோடு பேசுவதை நிறுத்தினார். அது ஆறேழு வருசம் போனது.

மருதாயி மத்தியானக் கஞ்சிக்கு ஸைனம்புவையும் அந்திச் சோற்றுக்குக் கோகிலாவையும் என்று தானே பிரித்துக்கொண்டாள். இரண்டு பேரிலும் யாராவது பிந்தினால் கோபம் வரும். அதற்கடுத்த மாரிக்கு அவள் காய்ச்சலில் படுத்து எழும்பவில்லை. கடைசியில் மகன்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கோகிலா "இங்கதான் இருக்கோம் ஆத்தா" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். தப்பு அடித்து, தோட்டத்துச் சுடுகாட்டு மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஸாஹிரா வாசல்வரை வந்து நின்றாள். மறுநாள் மத்தியானம் ஸைனம்பு பழக்க தோசத்தில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே அழகமுத்துவிடம் கொண்டுபோனாள். அவருக்குக் கை கால் நன்றாகத்தான் இருந்தது. என்றாலும் மறுப்புச் சொல்லாமல் வாயைத் திறந்தார்.

பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அழகமுத்துவும் போனார். குத்தகையில் எழுதியிருந்த கடமை அதோடு தீர்ந்தது. இனி எல்லாக் கட்டிலுக்கும் காசு வாங்கலாம். தோட்டத்து வயசாளிகளுக்கென்று காசில்லாமல் கட்டில் விட வேண்டும் என்று கோகிலா கேட்டாள், நிறையக் கட்டில் கேட்டாள். ஸாஹிரா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில், "ரெண்டு கட்டில். அதுக்கு மேல ஏலாது" என்றாள். தோட்டத்து மேல்பகுதியில், மேல்கணக்கு லயத்தில் தனியாகக் கிடந்த ஒரு கிழவியைக் கோகிலா அன்றைக்கே கூட்டி வந்தாள். கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த இரண்டு கட்டிலும் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

ஸைனம்பு இரண்டாயிரத்து எட்டில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மவுத்தானாள். மையித்தை அடக்கத்துக்காக மாவனல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வராமல் இருந்த சொந்தமெல்லாம் வந்து நிறைந்துவிட்டது. குளிப்பாட்டும் இடத்துக்கு வேற்று மதத்தவளான கோகிலா போக முடியாது. அதனால் அவள் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்து இறைத்துக் கொடுத்தாள். யாரோ ஒரு பெண், "இது யாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஸாஹிரா அழுத குரலில், "ஏன்ட தங்கச்சி" என்றாள்.

மறுநாள் விடிய இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் மடத்துக்குத் திரும்பினார்கள். ஸாஹிராவுக்கு உடம்பு முடியவில்லை. கோகிலா அவளை உட்காரவைத்து பால் விடாத ஒரு பிளேண்டித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவர் சிங்களத்தில் வெந்நீர் கேட்டார், இன்னொரு அறையிலிருந்து தமிழில் ஒரு கிழவி யாரையோ ஏசினாள். கோகிலா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.