ஜாயின்ட் இறுகும்வரை

என் அக்கா புருஷனை வெளியில் எல்லோரும் 'பைப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பகுதியில் எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், எந்தக் குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றாலும், "பைப்பைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அக்காவுக்கு அவர் 'என்னங்க', எனக்கு அத்தான். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி ஓட்டை வழியாகக் கத்திக் கத்தி எனக்குக் குரலும் பெரிது, பொறுமையும் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அத்தானுக்குத் தொழில் என்றால் உயிர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, கையைக் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பாவம், அவங்களுக்கு இருக்கற கவலையில இதை யாரு பார்ப்பா" என்றார். அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

குழாய் வேலை கையால் செய்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது முட்டி போடுகிற வேலை. சிங்க்குக்கு அடியிலும் கழிப்பறைக்குப் பின்னாலும் ஈரத்தரையில் மண்டியிட்டே அவர் காலம் போனது. வலது முட்டி தேய்ந்து, எண்ணெய் காணாத கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார். கடைசியில் ஒரு வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டவர் எழுந்திருக்க முடியாமல் போய், அந்த வீட்டு அம்மாவும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தினார்கள். வலிக்கு மசியாத மனிதர் வெட்கத்துக்கு மசிந்தார். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர், ஆளுக்குப் புரியட்டும் என்று நல்ல எண்ணத்தில், "உள்ள சிமென்ட் வெச்சு ஒட்டியிருக்கோம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் அக்காவை உட்காரவைத்துச் சொன்னார்.

"தினமும் நடக்க வைக்கணும். படுத்திருந்தாலும் பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். ரத்தம் உறையாம இருக்கத்தான் இந்த மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ, சூடா இருந்தாலோ, வலிச்சாலோ தேய்க்கவே கூடாது. நேரா இங்க கூட்டிட்டு வந்துருங்க."

அக்கா திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அத்தான் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தவர்தான். பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணுக்கு முன்னால் பேருக்குப் பாதத்தை ஆட்டுவார். அவள் தெருமுனை தாண்டினால் பழையபடி மரக்கட்டை. கழிப்பறைக்குப் போவதோடு சரி, அதற்கும் காலை மடக்காமல் விறைப்பாக இழுத்துக்கொண்டு போவார்.

"நடக்கச் சொன்னாங்கல்ல. ஏங்க இப்படிக் கிடக்கறீங்க?" என்றாள் அக்கா.

"புதுசா ஒட்டின ஜாயின்ட்டை ஆட்டலாமா? இறுகட்டும். இறுகறதுக்கு முன்னாடி தண்ணியைத் திறந்துவிட்டவன் கதையெல்லாம் நான் பார்த்திருக்கேன். அப்புறம் சுவத்தை உடைச்சுத்தான் எடுக்கணும்."

"இது காலுங்க."

"காலா இருந்தா என்ன? ஜாயின்ட்டு ஜாயின்ட்டுதான்."

மாடியிலிருந்து இறங்கி வந்து நானும் கத்திப் பார்த்தேன். "டாக்டருக்குத் தெரியாதா அத்தான்?"

"டாக்டருக்குக் காலைப் பத்தித் தெரியும். ஒட்டறதைப் பத்தி எனக்குத் தெரியும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவரை விட அக்காமேல்தான் எனக்கு ஆத்திரம். அவளாவது அதட்டி எழுப்பியிருக்கலாம். ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வேலைக்குக் கூப்பிடுகிற ஃபோனை எல்லாம் எடுப்பவள் அவள்தான். 'இப்படிச் செய்தால் நிற்குமா' என்று இழுக்கிற ஆட்களுக்கெல்லாம் "அவர் சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டாள். ஒட்டுகிற விஷயத்தில் அவர் சொல்லி எதுவும் தப்பாகப் போனதும் இல்லை. அவர்கள் வீட்டில் இதுவரை ஒரு குழாய் சொட்டி நான் பார்த்ததில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் காலையில் கீழே இறங்கினேன். அக்கா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்டூல்மேல் கிண்ணத்தில் காய்ச்சிய எண்ணெய், அவள் இரண்டு கையிலும் எண்ணெய். போர்வைக்கு வெளியே அத்தானின் வலது கால். கெண்டைக்கால் உப்பி, தோல் இழுத்துப் பளபளவென்று, இடது காலைவிட ஒரு மடங்கு பெரிதாக இருந்தது.

"கீழேயிருந்து மேல தள்ளு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லா அழுத்தித் தள்ளு. எங்கயோ அடைச்சிருக்கு, அதான் தேங்கி நிக்குது. ஒரு தள்ளு தள்ளினா மெயின் லைனுக்குப் போயிடும். அப்புறம் அதுபாட்டுக்கு ஓடும்."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கிற?"

"சூடா இருக்குங்க."

"எண்ணெய் சூடாத்தான் இருக்கும்."

"எண்ணெய் இல்ல. உங்க காலு." அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நான் தேய்க்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

'மாட்டேன்' என்று அவரிடம் அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தானும் கேட்டதில்லை போலிருக்கிறது. முதலில் விழித்தார், பிறகு முகம் சிவந்தது. "எனக்குச் சொல்லித்தர்றியா? போ, நானே பார்த்துக்கறேன்" என்று எழுந்து உட்கார்ந்து குனிந்தார். முட்டி மடங்கவில்லை. இத்தனை நாள் அசைக்காமல் வைத்திருந்தால் எங்கே மடங்கும்? போதாததற்குத் தொப்பை வேறு இடித்தது. விரல் நுனி கெண்டைக்காலுக்கு எட்டவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயாவது வந்து தேய்ச்சு விடேன்."

"நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன் அத்தான்" என்றேன்.

போகிற வழியில்தான், முந்தின நாளிலிருந்தே மூச்சு லேசாகப் பிடிக்கிறது என்று சொன்னார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெயைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். "காலுக்குள்ள ஆழமா இருக்கற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு பெரிய கட்டியா நிக்குது. அதுல ஒரு சின்னத் துணுக்கு பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு. அதான் மூச்சு வாங்குது. மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"வேளை தவறாம நான்தான் கையில குடுத்தேன்" என்றாள் அக்கா.

அத்தான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். "வாங்கிக்கிட்டேன்" என்றார். "முழுங்கல. தலையணை உறைக்குள்ள கிடக்கு. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரைன்னு சொன்னாங்க. புது ஜாயின்ட்டு, நீர்த்துப்போனா கசியுமேன்னு..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "உங்க முட்டியில வெச்ச சிமென்ட், ஆபரேஷன் மேஜையிலேயே இறுகிடுச்சு. இங்க கொண்டுவந்து படுக்க வைக்கறதுக்கு முன்னாடியே."

அத்தான் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தக் கட்டியை அழுத்தித் தேய்ச்சு மேல தள்ளியிருந்தா?"

"நகர்ந்தாலும் நகர்ந்திருக்கும். அவ்வளவு பெரிசு நேரா நுரையீரலுக்குப் போய் அடைச்சிருந்தா, உங்களை இங்க கொண்டுவந்து சேர்க்கவே நேரம் இருந்திருக்காது."

சின்னக் குழாயில் இருந்ததைத் தள்ளிக்கொண்டு போய் மெயினில் அடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் முழுக்க அதைத்தானே தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் செத்துவிட்டது. வண்டியில் வரும்போது அவரை வாங்கு வாங்கென்று வாங்குவதற்கு நான் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவர் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. பயமாக இருந்தது. அக்கா ஊசி போடுகிறவர்களுக்கு வழிவிட மட்டும் எழுந்திருப்பாள், மற்ற நேரமெல்லாம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வா என்றால் "நீ போ" என்பாள்.

மூச்சு சீரானது. வீக்கம் வடிய ஆரம்பித்தது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார்.

வார்டு நடையில் ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை அக்கா தோள்மேல். நான் பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர் என் எதிரில் வந்ததும் நின்றார். ஓய்வுக்கு என்றுதான் நினைத்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னபடி நீ தேய்ச்சிருந்தா?" என்று அவளைக் கேட்டார்.

அக்கா அவர் கையைத் தோளில் சரியாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தேய்ச்சிருந்தா இந்நேரம் நான் தனியா நடந்துட்டு இருப்பேன்" என்றாள். "காலை மடக்கி வைங்க."

அத்தான் மடக்கி வைத்தார்.