ஓவனுக்கும் அடுப்புக்கும் ஒரே லைன்

மன்னிக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். இது ஒயர் இழுக்கிற கை, எழுதுகிற கை அல்ல. நாலு பேர் முன் பேசவே கூசுகிறவன் உங்கள் முன் எழுத்தில் வந்து நிற்பது அதிகப்படிதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கெலுகோரில் அந்த வீட்டில் பால் பொங்காமல் போனதற்குக் காரணம் நான். அந்த மருமகள் அல்ல.

வீட்டைப் புதுப்பித்தபோது சமையலறை மின்வேலை முழுவதும் என்னுடையது. கேபினெட்டுக்குள் பதிக்கிற ஓவனுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்தேன். அடுப்பு கேஸ் என்றார்கள். அதற்கு லைன் தேவையில்லை. சுவர் பூசி டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு வீட்டுக்காரர் குமரன் வந்தார்.

"அண்ணே, பிளான் மாறிடுச்சுலா. வைஃபுக்கு கேஸ்னா பயம். கரண்டு அடுப்பு வாங்கிட்டோம். போலே தானே, முடியும்ல?"

கரண்டு அடுப்புக்கு இன்னும் தடித்த ஒயரில் வேறொரு லைன் வேண்டும். டைல்ஸை உடைக்க நேரலாம். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை ஆகும்? ஆனால் அவர் புது டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்...

"போலே, தம்பி" என்றேன்.

ஓவன் பாயிண்டிலிருந்தே ஓர் ஒயரைப் பிரித்து அடுப்புக்குக் கொடுத்தேன். கேபினெட் அதை மறைத்துவிட்டது. அடுப்பைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன், சூடானது. ஓவனைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சூடானது. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன்? என்ன ஆகும் என்று தெரியும், அதனால்தான்!

பால் காய்ச்சும் நாளில் வேலை செய்தவர்களையும் சாப்பிட அழைப்பார்கள். போய் ஓரமாக நின்றேன். குமரனின் மனைவி யோகேஸ், கல்யாணமாகிச் சில மாதமே ஆனவள், பால் பானையை அடுப்பில் வைத்தாள். பக்கத்தில் பாயசம். கீழே ஓவனில் யாரோ வடைத் தட்டுகளைச் சூடாக வைத்திருந்தார்கள்.

பால் விளிம்பை நோக்கி ஏறியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டக்! அடுப்பின் சிவப்பு எண்கள் அணைந்தன. ஏறிய பால் மெல்ல இறங்கியது.

"கரண்டுக்கும் இன்னிக்கு லீவா?" என்று ஒரு மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மெயின் பெட்டியில் விழுந்திருந்த பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடி விழுந்தது.

"ஃபேன் ஓடுது, லைட் எரியுது. இந்த அடுப்புக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் குமரனின் அம்மா லெட்சுமி அக்கா. பிறகு மருமகளைப் பார்த்தார். "கை வெச்ச நேரம் அப்படி."

ஓவனை அணைத்தால் போதும், லைன் தாங்கிவிடும். ஒரு விரல் வேலை! ஆனால் அணைத்தால் ஏன் என்று கேட்பார்கள்...

யோகேஸ் என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா?"

"இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன்.

லெட்சுமி அக்கா அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்து கேஸ் அடுப்பு வந்தது. மாமியார் கையால் பால் பொங்கியது.

சில வருடங்கள் கழித்து குமரனின் தம்பி பிறை என்ற ஊரில் வீடு வாங்கினார். அங்கேயும் நான்தான் ஒயர்மேன். குடிபுகும் நாளில் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள போகலியாம்மா?"

"நான் போனா உங்க பிரேக்கர் விழுந்துடும்லா, அண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

கூச்சம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். கூச்சமா இது? கூச்சக்காரன் தன்னைத்தானே மறைத்துக்கொள்வான். நான் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி அவள் பின்னால் மறைந்துகொண்டேன். இப்போதுகூட அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்... உங்கள் முகம் எனக்குத் தெரியாது அல்லவா!

பால் பொங்காத அந்த நாளுக்கு மறுநாள், பரிகாரம் செய்ய யோகேஸைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அடுப்பைப் பார்க்கிறேன் என்று குமரனிடம் சாவி வாங்கியிருந்தேன். கூரைப் பலகைக்கு மேலாகவும் கேபினெட்டுக்குள்ளாகவும் அடுப்புக்குத் தனி லைன் இழுத்தேன். ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்து, ஓவனையும் சேர்த்துப் போட்டேன். தண்ணீர் கொதித்தது. பிரேக்கர் விழவில்லை. அவர்கள் திரும்பும் முன் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். செய்த வேலையை யாரிடமும் சொல்லவில்லை; அடுப்பு சரியானதைப் பரிகாரத்தின் பலன் என்றே நினைத்துக்கொண்டார்கள்.