கருவாட்டுக் கடையில் கேட்ட தேர்தல் முடிவு

புவாண்ட்-கிளேர் கடையில் இன்று கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியதும், மொன்ட்ரியால்-நோரில் இப்போது இல்லாத அந்தச் சின்னக் கடை, மரப்பெட்டிகளும் ஓயாத வானொலியுமாக நினைவில் எழுந்து வந்தது. கடைக்காரி ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வேர்டே தீவுக்காரர். போர்த்துக்கேயர் போனபின் ஒரே கட்சி ஆண்ட தன் நாட்டில், அந்த வாரம் முதன்முறையாகப் பல கட்சிகள் போட்டியிட்டு ஆண்ட கட்சி தோற்றுவிட்டதாம். பலகைபோல் காய்ந்த கருவாட்டை மரமறுக்கும் வாளால் அறுத்தபடியே அவர் பிரெஞ்சில் சொன்னதை, யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த அப்பாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"எத்தினை பேர் செத்தவையாம்?" என்றார் அப்பா.

ஒருவருமில்லையாம்.

"அப்ப தோத்தவை?"

வீட்டுக்குப் போனார்களாம்.

"நீ பிழையா விளங்கிட்டாய். திருப்பிக் கேள்."

கேட்டேன். அதே பதில்தான். அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.