சிவத்துக்கு வராத இலக்கம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, காரின் டிக்கியில் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் கடந்து அக்கரையிலுள்ள புரோசார்ட் பக்கம் போனேன்.

பயப்படாதீர்கள். வேட்டைத் துப்பாக்கிதான். உள்ளே தோட்டா இல்லை, விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு இன்னொரு பூட்டு. என் பாஸ்போர்ட்டைக்கூட நான் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

'உங்களிடம் துப்பாக்கியா?' என்று இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன், இங்கே வந்து தானாகவே ஒன்று வாங்கினான் என்றால் சிரிக்க மாட்டீர்களா? எல்லாம் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு கியூபெக்காரர் செய்த வேலை. மான் வேட்டைக்கு வராதவரைக்கும் கனடாவில் இந்தக் கியூபெக் மாகாணத்தை நீ பார்க்கவே இல்லை என்று நச்சரித்தார். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கியும் வாங்கினேன். நான்கு வருடம் காட்டுக்குப் போனோம். மான்கள் எங்களைப் பார்த்தன. நாங்கள்தான் மான்களைப் பார்க்கவில்லை.

என்னோடு சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவர் சிவம். புரோசார்ட்டில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது இளையவர், இருபது வருடப் பழக்கம். காட்டுக்கு வரும்போது ரோல்ஸும் பிளாஸ்கில் தேநீரும் அவர் பொறுப்பு. அவர் துப்பாக்கி வாங்கவில்லை. 'ரெண்டு பேருக்கு ஒண்டு காணும்' என்பார். அந்த ஒன்றுமே தேவைப்படவில்லை என்பது வேறு கதை.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மனைவி உடனே சட்டம் போட்டுவிட்டாள்.

"துவக்கு இருக்கிற வீட்டுக்கு அந்தப் பிள்ளை வராது. எது வேணும் எண்டு நீங்களே யோசியுங்கோ."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விற்பது என்று முடிவாயிற்று. செய்தி எப்படிப் போனதோ தெரியாது, இரண்டு நாளில் சிவம் போன் எடுத்தார்.

"அண்ணை, துவக்கு விக்கப் போறியளாம். எனக்குத் தாங்கோவன். பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போறன்."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். இங்கே நண்பருக்கு நண்பர் விற்றாலும், வாங்குகிறவரின் லைசென்ஸ் இன்று செல்லுபடியாகிறதா என்று அரசாங்க அலுவலகத்தில் கேட்க வேண்டும். எல்லாம் சரி என்றால் அவர்கள் ஒரு இலக்கம் தருவார்கள். அந்த இலக்கம் வராமல் துப்பாக்கி கை மாறக் கூடாது. அதற்கு மேல், மாகாணப் பதிவேட்டில் பெயரும் மாற்ற வேண்டும். நானே போன் எடுத்துச் செய்யலாம்... ஆனால் அலுவலகப் போனில் வரும் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு என் பிரெஞ்சில் விளக்கம் சொல்வதா? பழைய கியூபெக்கார நண்பரைக் கேட்டேன். "கடையில் கொடு. லைசென்ஸ் உள்ள வியாபாரிகள் இதையெல்லாம் செய்து தருவார்கள்" என்றார்.

சிவத்திடம் சொன்னேன்.

"கடையோ? எங்களுக்குள்ள என்னத்துக்கு அண்ணை கடை? என்னை நம்பேல்லையோ?"

இந்தக் கேள்விக்கு நம் ஆட்களில் யார் எதிர்த்து நின்றிருக்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்காக நாம் எழுத்தில்லாமல் வீட்டைக் கொடுப்போம், காரைக் கொடுப்போம், நாலு பேருக்கு நம் வீட்டு விலாசத்தையே 'விலாசம்' என்று கொடுத்து அவர்களின் கடிதங்களையும் வாங்கி வைப்போம். பேப்பர் கேட்டால் அவமானம். கேட்கிறவனுக்கும்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – நானும் சறுக்கினேன். ஒரு வியாழக்கிழமை, 'சரி, வந்து எடும்' என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கீழறையிலிருந்து கராஜுக்குக் கொண்டுவந்தும் வைத்தேன். மனைவி அவருக்குக் கொடுக்க ஒரு டப்பாவில் மட்டன் ரோல்ஸ் போட்டாள். அவர் புறப்படுவதற்கு முன்பே மறுபடி போன் எடுத்து, வேண்டாம், கடையிலேயே செய்வோம் என்றேன். ஞானம் வந்து அல்ல. பயம். அகதி விண்ணப்பம் நிரப்பியவன் வாழ்நாள் முழுக்கப் படிவங்களுக்குப் பயந்தவன்தான். "சரி அண்ணை... கடைக்கே வாறன்" என்றார் அவர்.

கடை அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடம். சுவரில் கொம்போடு ஒரு பெரிய மூஸ் மான் தலை. அதன் கீழே காட்டுப் பச்சை நிறத்தில் பிள்ளைகளுக்கான சட்டைகள். கல்லாவில் ஷான்டால் என்ற பெண்மணி, எங்கள் வயதுதான், கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. என் துப்பாக்கியைத் திறந்து பார்த்து, அதில் பொறித்த எண்ணைப் பதிவோடு ஒப்பிட்டு, ஒரு காகிதத்தில் எழுதினாள். பிறகு சிவத்தின் லைசென்ஸ் அட்டையை வாங்கினாள். அட்டை காலாவதியாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டினாள். மறுபடி தட்டினாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தாள்.

"இன்றைக்கு இலக்கம் கிடைக்கவில்லை, மெஸ்ஸியூ."

"ஏன்?"

"எனக்குச் சொல்ல மாட்டார்கள். அவரே அலுவலகத்தைக் கேட்க வேண்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இருபது வருடமாக இவரை எனக்குத் தெரியும். நான் பொறுப்பு" என்றேன். இதைப் பிரெஞ்சில் சொன்னேன் என்பதால் கோபம் பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"உங்களை நம்புகிறேன். ஆனால் இலக்கம் வராமல் நான் கொடுக்க மாட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை.

சிவம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "விடுங்கோ அண்ணை. வாங்கோ போவம்."

நான் பெட்டியை மூடப் போனபோது ஷான்டால் அதன் மேல் கை வைத்தாள். "துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும். வேறு ஆள் வந்தால் விற்றுத் தருகிறேன்." என்னிடம் பேசினாளே தவிர, பார்த்தது சிவத்தை. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோபத்தோடு வெளியே வந்தேன்.

பக்கத்துக் கடையில் இரண்டு கோப்பி வாங்கி வந்து காருக்குள் உட்கார்ந்தோம். நான் கனடா அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிவம் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"அண்ணை, அந்தக் கடை மனுசியில பிழையில்லை. ஏன் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"ஏன்?"

"லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபோர்ம் போட்டனான். அதில என்ர மனுசியின்ர கையெழுத்தும் கேக்கினம். நான்தான் வைச்சன்."

"அதுக்கென்ன? நானும் வைக்கிறனான்."

இதில் எனக்குப் பெருமை வேறு! நம் வீடுகளில் ஒரு ஆள்தானே எல்லாப் படிவங்களையும் நிரப்புவது? பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து டெலிபோன் கணக்குவரை எல்லார் கையெழுத்தும் ஒரே பேனாவிலிருந்து இறங்கும். அது நமக்குத் தப்பாகத் தெரிவதே இல்லை.

"அலுவலகத்தில இருந்து அவவுக்குப் போன் எடுத்திட்டினம்" என்றார் சிவம்.

"எடுத்தா என்ன?"

"அவ வீட்டில இல்லை அண்ணை. போய் எட்டு மாதம். டவுன்டவுனில ஒரு அப்பார்ட்மென்டில இருக்கிறா."

எட்டு மாதமா? என் மகளின் வளைகாப்பு நடந்து ஐந்து மாதம்தானே ஆகிறது? இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். அன்பளிப்பு உறையில் இரண்டு பெயரும் இருந்தன. குடும்பப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நான்தான் 'கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ' என்று சொன்னேன்.

"கலியாணம், விழா எண்டு சபைக்கு வரேக்க மட்டும் சேர்ந்து வருவம் எண்டு கதைச்சு வைச்சிருக்கிறம். மெட்ரோ வாசலில ஏத்துவன். பேந்து அங்கேயே இறக்கிவிடுவன்."

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறதாம். கடந்த இரண்டு வருடத்தில் பிரிவு, விவாகரத்து ஏதும் உண்டா என்று. சபைக்குச் சொன்ன பதிலையே அதற்கும் சொல்லியிருக்கிறார் – 'இல்லை'. ஆனால் அவர் மனைவி போனில் உண்மையைச் சொல்லிவிட்டார். பிரிந்திருக்கிறோம், அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, இப்போது அவர் கையில் துவக்கு வேண்டாம் என்று. சொன்னதைச் சிவத்துக்கும் மனைவியே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "சிவம், உமக்கு என்னத்துக்கு இந்தத் துவக்கு? மான் சுடவோ?"

கோப்பிக் குவளையின் மூடியை இப்போதுதான் திறந்தார்.

"முதல் அப்பிடித்தான் நினைச்சன்... பேந்து... தெரியேல்லை அண்ணை."

நான் என் கோப்பியைக் கீழே வைத்தேன். கராஜில் நின்ற அந்தப் பெட்டி கண்ணுக்குள் வந்தது. அதன் மேல் மட்டன் ரோல்ஸ் டப்பா. நம்பிக்கை என்ற பெயரில் எதைத் தூக்கிக் கொடுக்க இருந்தேன்!

"அப்ப, இலக்கம் வராது எண்டு தெரிஞ்சும் ஏன் கடைக்கு வந்தனீர்?"

"இலக்கம் வராட்டி... ஏன் எண்டு நீங்கள் கேப்பியள்தானே?"

இருபது வருடம். அவர் வீட்டு மோட்கேஜ் எனக்குத் தெரியும். அவர் காரில் எந்தச் சில்லுக்குக் காற்றுப் போகும் என்று தெரியும். இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை 'சுகமோ?' என்று கேட்டிருப்பேன்? அவர் 'ஓம்' என்பார். நான் அடுத்த கதைக்குப் போய்விடுவேன். ஒரு மனிதன் தன்னை யாராவது விசாரிக்க வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கிக் கடை வரை வர வேண்டியிருக்கிறது.

அவரை அவர் வீட்டில் இறக்கிவிடவில்லை. அவர் காரைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே ரொக்ஸ்பரோ, எங்கள் வீட்டுக்கு. மனைவி ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவரோடு பேசச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முதலில் "அவ என்னைக் காட்டிக் குடுத்திட்டா" என்று முறைப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதைச் சொல்வதில்லை. போன வாரம் மனைவிக்குப் போன் எடுத்து நன்றி சொன்னாராம். சேர்வார்களா? தெரியாது. அது அவர்கள் பாடு.

இதை எழுதச் சொன்னதும் சிவம்தான். "என்ர பேரை மாத்துங்கோ. அவவின்ர பேரை எழுதவே வேண்டாம்" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் ஷான்டால் போன் எடுத்தாள். துப்பாக்கியை ஒரு பெண் வாங்கிவிட்டாளாம். இலக்கம் உடனே வந்ததாம். போனை வைப்பதற்கு முன் கேட்டாள்: "உங்கள் நண்பர் எப்படி இருக்கிறார்?"

அவரை அரை மணி நேரம் பார்த்தவள்!

கீழறையில் தூங்குகிறார் என்றேன். துப்பாக்கி அலுமாரி நின்ற இடத்தில்தான் இப்போது அவர் கட்டில். குறட்டை மேல்மாடிவரை கேட்கிறது. "துவக்கை எடுங்கோ எண்டு சொன்னால், வெடிச் சத்தத்தைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்" என்கிறாள் மனைவி. பேத்தி அந்தச் சத்தத்திலும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இனி யாராவது என்னிடம் 'என்னை நம்பேல்லையோ?' என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது – 'நம்புறன். அதாலதான் கேக்கிறன்.'