ஹோம் பேஜில் ஒரு பச்சை கேட்டு

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "ஹோம் பேஜுன்னு சொல்ற, அதுல வீட்டையே காணோமே, தங்கச்சி" என்றார் அக்கா.

நான் அவரிடம் காட்டியது, பேப்பரில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்த ஒரு வெப்சைட்டின் பிளான். மேலே முதல் பக்கம், அதற்குக் கீழே முறுக்குக்கு ஒரு பக்கம், நெய் உருண்டைக்கு ஒரு பக்கம், ஆர்டர் கொடுக்க ஒரு பக்கம். முதல் பக்கத்துக்கு ஹோம் பேஜ் என்பது சும்மா ஒரு பெயர்தான் என்று விளக்கினேன். சும்மா எதற்கு வீடு என்று பெயர் வைப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போயிருந்தேன், தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகமும் வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி, தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீசுக்குப் பின்னால் ரயில்வே குவாட்டர்ஸ். அங்கே ஒரு வீட்டில்தான் அக்கா முறுக்கு சுட்டு விற்றார். அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, அதிகம் வாய் திறக்காத மனிதர். வியாபாரத்துக்குப் போர்டும் கிடையாது, பெயரும் கிடையாது. வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட்டு ஒன்று இருந்ததால், பச்சை கேட்டு வீடு என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளி நெருங்கினால் பேங்க்கில் வேலை செய்கிறவர்கள், டீச்சர்கள், காரில் வரும் டாக்டர்கள் என்று எல்லாரும் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு போய் டின் டின்னாக வாங்கிப் போவார்கள். நானும் வாங்குவேன், ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் ரயிலிலேயே பாதி தீர்ந்துவிடும்.

அந்த வருஷம் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் பெரிய ஸ்டேஷன் வரப்போகிறதாம். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் அக்கா குடும்பம் ஊருக்கு வெளியே பூச்சோங்கில் ஒரு புது தாமானுக்கு, வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்புக்கு, குடிபோக வேண்டும். வீடு போவதைப் பற்றி அவர் ரொம்பப் புலம்பவில்லை. அவருடைய பயம் வேறு. "இந்தத் தீபாவளிக்கு என்னைத் தேடிப் புடிக்கலன்னா, வேற ஆளுகிட்ட வாங்கிப் பழகிருவாங்க. ஒரு வருஷம் பழகிட்டா அப்புறம் நம்மகிட்ட வரமாட்டாங்க லா." இருபது வருஷமாகச் சேர்த்த ஆட்கள். அவர்களில் ஒருத்தருடைய டெலிபோன் நம்பரும் அவரிடம் இல்லை.

உடனே நான் குதித்தேன், அக்கா, வெப்சைட் ஒன்று செய்துவிடலாம் என்று. உபகாரம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை என்னவென்றால், படித்ததைச் செய்து பார்க்க எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு சனிக்கிழமை அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பிளான் போட்டோம். அவர் முறுக்குப் பிழிந்துகொண்டே கேள்வி கேட்பார், நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு முழிப்பேன். தான் தூங்கும்போது யார் வந்தால் யார் கதவைத் திறப்பது? வருகிறவர்கள் தன்னைப் பார்க்க முடியுமா, அப்படியானால் நைட்டியோடு இருக்கக் கூடாது இல்லையா? அடுப்படிப் படம் போடலாமா என்று நான் கேட்டதற்கு, எண்ணெய் கொதிக்கிற இடத்தை ஊரே பார்த்தால் கண் பட்டுவிடும் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நெய் உருண்டை படத்துக்கு மட்டும் சம்மதித்தார், அதுவும் எண்ணி ஒன்பது உருண்டை. எட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். எட்டு வைக்க மாட்டாராம், அவ்வளவுதான்.

இதிலெல்லாம் எனக்கு மறக்கவே முடியாத கேள்வி ஒன்று உண்டு. "வர்றவங்க செருப்ப எங்க கழட்டுவாங்க?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டிருக்கிறார். அடுப்படியில் நிற்கும்போது அவருக்கு வாசல் தெரியாது. ஆனால் ஹாலுக்கு வரும்போது வெளியே கிடக்கும் செருப்பை ஒரு பார்வை பார்த்தால், எத்தனை பேர், யார் யார் என்று தெரிந்துவிடும். டீச்சர்களின் செருப்பு, பேங்க்காரர்களின் ஷூ எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெப்சைட்டுக்கு வந்தவர்களை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவருடைய கேள்வி. பக்கத்துக்கு அடியில் கவுண்டர் ஒன்று இருக்கும், ஒவ்வொருத்தரும் வரும்போது நம்பர் ஒன்று கூடும் என்று சொன்னேன். "அப்ப அதான் செருப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி முறுக்கு உழக்கை எடுத்துக்கொண்டார்.

ஹோம் பேஜில் வீடு இல்லையே என்ற குறையை நான் இப்படித் தீர்த்தேன். பச்சை கேட்டைப் படம் எடுத்து, பிலிமைக் கழுவி, ஆபீஸ் ஸ்கேனரில் மதிய நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஏற்றி, திரை முழுக்க வைத்தேன். கேட்டைக் கிளிக் செய்தால் உள்ளே போகலாம். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து ஒருத்தர் கம்ப்யூட்டரில் தெரிந்தால் இன்னொருத்தர் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். அதனால் "வாங்க" என்று அக்காவையே ஒரு பேப்பரில் எழுதச் சொல்லி, அதையும் படமாகவே போட்டேன்.

புது வீட்டு அட்ரஸ் எழுதும்போது ரோட்டுப் பெயர், தாமான் பெயர் எல்லாம் போட்டுவிட்டு வீட்டு நம்பரைக் கேட்டேன். "இருவது வருஷமா எவன் நம்பர் பாத்து வந்தான்? பச்சை கேட்டு வீடுன்னு போடு" என்றார். நானும் போட்டேன். எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசி மாதம் விற்ற ஒவ்வொரு டின்னுக்குள்ளும் ஒரு சீட்டுப் போட்டோம். அதில் வெப்சைட் அட்ரஸ் மட்டும்தான். சீட்டிலேயே புது வீட்டு அட்ரஸையும் எழுதிவிட்டால் என்ன என்று அக்கா வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். எல்லாமே உள்ளே இருக்கிறது அண்ணே, அப்புறம் வெப்சைட் எதற்கு என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

வீடு மாறுவதற்கு முன்னால் அக்காவை ஒரு சைபர் கஃபேக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். படம் மேலிருந்து கீழே மெதுவாக வந்தது. முதலில் கொஞ்சம் வானம், அப்புறம் கேட்டின் மேல் கம்பி, அப்புறம் தாழ்ப்பாள். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முழுக் கேட்டும் வந்ததும் திரைக்குப் பக்கத்தில் போய், மூலையில் ஒரு இடத்தைத் தொட்டு, இங்கேதான் மகன் சைக்கிளால் இடித்தான் என்றார்.

அவர்கள் லோரியில் சாமான் ஏற்றிப் போய் மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. பேங்க்கில் வேலை செய்யும் ஒரு அம்மா எழுதியிருந்தார். பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு அந்த ரோட்டை நாலு சுற்றுச் சுற்றினாராம். ஒரு வீட்டில்கூடப் பச்சை கேட்டு இல்லையாம். உங்கள் அட்ரஸ் தப்பு, நாங்கள் திரும்பிவிட்டோம் என்று முடித்திருந்தார். கவுண்டரைப் பார்த்தேன். எழுபத்துமூன்று. அதில் நான் எத்தனை, திரும்பிப் போனவர்கள் எத்தனை என்று தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்துப் பூச்சோங் போனேன். கட்டியவர்களே போட்டுக் கொடுத்த சில்வர் கேட்டு, ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மாதிரி. பழைய கேட்டு குவாட்டர்ஸோடு உடைபட்டுப் போய்விட்டது. போன் லைனும் இன்னும் வரவில்லை. எண்ணெய் வாசத்தை வைத்துத்தான் நான் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் குடும்பத்தார் செருப்பைத் தவிர வேறு செருப்பில்லை. உள்ளே மூடி போட்ட டின்கள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன.

பிரின்ட் எடுத்துப் போயிருந்த ஹோம் பேஜை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புள்ளைங்களோடயா திரும்பிப் போனாங்க?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. திங்கள்கிழமை ஆபீஸ் போனதும் பழைய படத்தை எடுத்துவிட்டு வீட்டு நம்பரைப் போடுகிறேன், அந்த அம்மாவுக்கும் எழுதுகிறேன் என்றேன். எழுதச் சொன்னார், நம்பரையும் போடச் சொன்னார். படத்தை மட்டும் ஒரு வாரத்துக்குத் தொட வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ரோட்டு முனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அத்தனை சில்வருக்கு நடுவில் ஒரு பச்சை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் பச்சை இல்லை, கொஞ்சம் நீலம் கலந்த ஒரு தினுசான பச்சை. கிட்டே போகப் போகத்தான் புரிந்தது. ஆபீஸ் ஸ்கேனரும் மை தீர்ந்துகொண்டிருந்த பிரின்டரும் சேர்ந்து கெடுத்த பச்சை அது. மனிதர் அந்தப் பேப்பரைப் பெயின்ட் கடையில் காட்டி, இதே கலர் வேண்டும் என்று கலக்கி வாங்கியிருக்கிறார்.

"படத்த மாத்திட்டியா?" என்று உள்ளேயிருந்தே அக்கா கேட்டார்.

"இன்னும் இல்லக்கா."

"மாத்தாத. கேட்ட மாத்திட்டோம்."

குனிந்து செருப்பைக் கழற்றினேன். வாசலில் ஏற்கெனவே ஹீல்ஸ் ஒரு ஜோடி, ஆம்பளை ஷூ இரண்டு ஜோடி, பிள்ளைகளுடைய சின்னச் சின்னச் செருப்பு. என் செருப்பை விட இடம் இல்லாமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனேன்.