விளக்கேற்றாத மூன்று நாள்

நானும் என் தங்கையும் ஒரே நாளில் பிறந்தவர்கள். பத்து நிமிடம் முந்திக்கொண்டதால் நான் அக்கா. முகம், நிறம், குணம் எதிலும் ஒட்டாத இரட்டை. பெரியம்மாவுக்கும் இரட்டை, அம்மாவின் சித்திக்கும் இரட்டை. அதனால் எங்கள் தெருவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் போட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கெல்லாம் அம்மாவுக்குக் கால் தரையில் பாவாது.

எனக்கு இருபத்தெட்டில் கல்யாணம். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. தையல் லைனுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருந்த சமயம். வயிறு தெரிந்தால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும் என்று நான்கு வருடம் மாத்திரை போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். "உனக்கு இன்னாக்கா அவசரம்? நீ தும்முனாவே ரெண்டு வரும்." நானும் அப்படித்தான் நம்பினேன். மடச்சி! மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம் ஆகியும் ஒன்றும் தங்காதபோதுதான் வேலூருக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

"உங்க அம்மாவுக்கு எந்த வயசுல பீரியட்ஸ் நின்னுச்சி?" என்று அவர் கேட்டார்.

"அம்பது தாண்டித்தான் மேடம்," என்றேன், பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. தெரியாமல் என்ன? எங்கள் வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது அம்மா. மாதாமாதம் மூன்று நாள் மட்டும் சாமி அலமாரிப் பக்கம் போகாமல், "நீ ஏத்துடி" என்று என்னிடம் சொல்லிவிடுவாள். என் கல்யாணம் வரைக்கும் அது நடந்தது. அப்போது அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்பதுன்னுதானே சொன்னீங்க? நல்லா கேட்டுட்டு வாங்க. உங்களுக்கு முட்டை ரொம்பக் கம்மியா இருக்குதும்மா."

"எங்க குடும்பத்துல ரெட்டை மேடம்," என்றேன்.

"ஒரே மாசத்துல ரெண்டு முட்டை வெளிய வர்றது ஒண்ணு. மொத்தம் எத்தனை மிச்சம் இருக்குதுங்கறது வேற. ரெட்டை பொறக்கற குடும்பம்னா முட்டை ஜாஸ்தின்னு அர்த்தம் இல்ல. சீக்கிரம் தீந்துபோறதும் குடும்பத்துல வரும். ரெண்டு மூணு வருஷம் முன்னால வந்திருந்தா..." அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "முப்பத்தாறுலயே நின்னுபோச்சி."

"அப்போ அந்த மூணு நாளு?"

"ரெண்டு பொட்டப் புள்ளைய வெச்சிக்கினு வேற இன்னா பண்றது? வெளிய தெரிஞ்சா உங்களக் கட்டுவானுங்களா? என்னைய வளையல் போட ஒருத்தி கூப்புடுவாளா?"

பதினாறு வருடம்! ஒரு மாதம் தவறாமல் நடித்திருக்கிறாள். சாமியை ஏமாற்றியது இருக்கட்டும், பெற்ற மகளையுமா? தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா அழுதாள். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

அப்போதுதான் தங்கை ஞாபகம் வந்தது. அவளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். சத்துவாச்சாரி மாப்பிள்ளை வீட்டார், இரட்டை பிறக்கிற குடும்பம் என்று வாயெல்லாம் பல்லாகப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கும் முப்பத்து மூன்று. இனி ஒரு மாதம்கூட வீணாகக் கூடாது.

"அவகிட்ட மட்டும் மூச்சு விடாதடி," என்று அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வாணியம்பாடி பஸ் ஏறினேன்.

தங்கை அங்கே பள்ளிக்கூட டீச்சர். வெளியே கூப்பிட்டு, பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்கா."

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஆறு மாதம் வராமல் போயிருக்கிறது. ஊரில் தெரியக் கூடாதென்று அம்மா அரக்கோணத்துக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவளுக்கும் இதே குறைதான். மாப்பிள்ளையிடம்கூட இவளே சொல்லிவிட்டாளாம், பரவாயில்லை என்றாராம். இரண்டே தடவை பார்த்த மனிதர்!

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. உன் புருஷன் வீட்டுக்குத் தெரிஞ்சா உன் வாழ்க்கை போயிடும்னாங்க. ஒரே நாள்ல பொறந்தாலும் ரெண்டு பேரும் வேற வேற முட்டை, எனக்கு இருக்கறது உனக்கும் இருக்கணும்னு இல்லன்னு அந்த டாக்டர் சொன்னாரு. உனக்கு இருக்காதுன்னே நெனச்சிட்டேன்கா." இப்போதுதான் அழுதாள்.

அவளுக்குத் தெரிந்த பிறகும் இரண்டு வருடம் நான் தினமும் காலையில் மாத்திரை விழுங்கியிருக்கிறேன். ஆம்பூர் மருந்துக் கடையில் வாங்கினால் மாமியார் வீட்டுச் சொந்தக்காரர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். மாதாமாதம் வாணியம்பாடியிலிருந்து அந்த மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தவள் அவள்தான்.